லினன் ஸ்டிட்ச் ஏன் அட்டை போல விறைக்கிறது?

வணக்கம். இரண்டு ஊசிகளால் பின்னும் நிட்டிங்கில், நெய்த துணி போலத் தோன்றும் லினன் ஸ்டிட்ச் என்ற பின்னல் பற்றி நேயர் ஒருவர் மூன்று சந்தேகங்களைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார். கழுத்துக்குப் போடும் சால்வை ஒன்றை, வழக்கமாகப் பயன்படுத்தும் 4 மி.மீ. ஊசியிலேயே தொடங்கியபோது துணி அட்டை போல விறைத்து அகலமும் குறைந்துவிட்டது; ஆங்காங்கே நெசவுத் தோற்றம் வராமல் நீளமான கண்ணிகள் (நூல் வளையங்கள்) துருத்திக்கொண்டு தெரிகின்றன; இரண்டு நிறங்களை வரிசைக்கு ஒன்றாக மாற்ற முயன்றபோது ஒவ்வொரு முறையும் நூலை அறுக்க வேண்டியதாயிற்று. தவறு எங்கே என்று கேட்கிறார்.

முதல் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பதால், இந்தப் பின்னல் எப்படி நெய்த துணி போலத் தோன்றுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல்களுக்கு மேலும் கீழுமாக, குறுக்கே ஊடை நூல் நேராக ஓடுகிறது. பின்னலில் அப்படி ஓடும் நூலே கிடையாது. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்த கண்ணிகள்தான். லினன் ஸ்டிட்சிலும் உண்மையில் நெசவு எதுவும் நடப்பதில்லை. ஒரு கண்ணியைப் பின்னி, அடுத்த கண்ணியைப் பின்னாமல் அப்படியே வலது ஊசிக்கு மாற்றும்போது, நூல் அந்தக் கண்ணியின் முன்னால் சின்னக் குறுக்குக் கோடாகப் படுத்துக்கொள்கிறது. அடுத்த வரிசையில் அதே கோடு பக்கத்துக் கண்ணியின் மேல் விழுகிறது. செங்கல் அடுக்கியது போல இந்தக் கோடுகள் மாறி மாறி விழுவதால், அதை ஊடை என்று கண் நம்பிவிடுகிறது.

இரட்டைப்படையில் கண்ணிகளை ஏற்றிக்கொண்டால் கணக்கு எளிது. நல்ல பக்கத்தில் (துணியின் வெளியே தெரியும் பக்கம்) ஒரு கண்ணியை நிட் (நூலைப் பின்னால் வைத்துப் போடும் நேர்ப் பின்னல்) போட்டு, நூலை முன்னால் கொண்டுவந்து, அடுத்த கண்ணியைப் பின்னாமல் மாற்றி, நூலைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். மறுபக்கத்தில் ஒரு கண்ணியைப் பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடும் எதிர்ப் பின்னல்) போட்டு, நூலைப் பின்னால் தள்ளி, அடுத்ததை மாற்றி, நூலை முன்னால் எடுக்க வேண்டும். வரிசை முடியும் வரை இதுவேதான். மாற்றும் கண்ணிக்குள், பர்ல் போடுவதற்கு நுழைப்பது போலவே ஊசியை நுழைக்க வேண்டும். நிட் போல நுழைத்தால் கண்ணி முறுக்கிக்கொள்ளும்.

முன், பின் என்று மனப்பாடம் செய்பவர்கள்தாம் பெரும்பாலும் மறுபக்க வரிசையில் தடுமாறுகிறார்கள். கண்ணியை மாற்றும் நேரத்தில் நூல் எப்போதும் துணியின் நல்ல பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நூல் தவறான பக்கத்தில் இருந்தால் குறுக்குக் கோடு உள்பக்கம் போய்விடும். மாற்றிய கண்ணி இரண்டு வரிசை உயரத்துக்கு நீண்டு, மூடுவாரின்றி வெளியே தெரியும். நேயர் சொல்லும் துருத்தல் பெரும்பாலும் இதுதான். ஒரே கண்ணியைத் தொடர்ந்து இரண்டு வரிசைகளில் பின்னாமல் மாற்றிவிட்டாலும் இப்படி ஆகும். ஐயம் வந்தால், ஊசிக்குச் சற்றுக் கீழே நல்ல பக்கத்தில் குறுக்குக் கோடு தாங்கியிருக்கும் கண்ணியைப் பின்னுங்கள். கோடு இல்லாததை மாற்றுங்கள்.

இனி விறைப்புக்கு வருவோம். சாதாரணப் பின்னலை இழுத்தால் வளைந்திருக்கும் கண்ணிகள் நிமிர்ந்து இடம் கொடுக்கின்றன. இந்தக் குறுக்குக் கோட்டில் நிமிர்வதற்கு வளைவே இல்லை. அது எவ்வளவு நீளம் படுத்திருக்கிறதோ அதுதான் அந்த இடத்தின் அகலம். ஆகவே நூலை இறுக்கிப் பிடித்தால் துணி அங்கேயே சுருங்கி நின்றுவிடுகிறது. நான் கையில் வைத்திருக்கும் இந்த இரண்டு மாதிரிகளும் ஒரே நூல், ஒரே 4 மி.மீ. ஊசி, இரண்டிலும் 40 கண்ணிகள். சாதாரணப் பின்னல் ஏறக்குறைய 18 செ.மீ. அகலம் வந்திருக்கிறது, லினன் ஸ்டிட்ச் 14 செ.மீ. அளவில் நின்றுவிட்டது. எனவே இரண்டு அல்லது மூன்று அளவு பெரிய ஊசியை எடுங்கள். 4 மி.மீ. ஊசிக்கு உரிய நூலை 5 அல்லது 5.5 மி.மீ. ஊசியில் பின்னலாம். ஊசியை மாற்றினால் மட்டும் போதாது; ஒவ்வொரு கண்ணியையும் மாற்றிய பிறகு, வலது ஊசியில் இருப்பவற்றை விரலால் சற்றுப் பரப்பிவிட்டு அடுத்ததைப் பின்னுங்கள். துவைத்துக் காயவைத்தபின் துணி நன்றாகத் துவளும் என்பதால், மாதிரித் துண்டைத் துவைக்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பொறுமையும் வேண்டும். 40 கண்ணிகளில் ஒரு வரிசைக்கு 20 மட்டுமே பின்னப்படுகின்றன. இரண்டு வரிசை போட்டால்தான் எல்லாக் கண்ணிகளும் ஒரு முறை பின்னப்பட்டிருக்கும். துணி ஆமை வேகத்தில்தான் வளரும், நூலும் கூடுதலாகவே செலவாகும்.

நிறம் மாற்றுவதற்கு இரண்டு நூல் உருண்டைகளுக்குப் பதிலாக மூன்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிறம் வலமிருந்து இடம் போய் இடது ஓரத்தில் காத்திருக்கும். இரண்டாவது இடமிருந்து வலம் வரும், மூன்றாவது மீண்டும் இடது பக்கம் போகும். நான்காவது வரிசையை இடது ஓரத்திலிருந்து தொடங்கும்போது முதல் நிறம் அங்கேயே தயாராக இருக்கும். இரண்டே நிறங்கள் என்றால், தேவைப்படும் நூல் எதிர் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். நேயர் அறுக்க நேர்ந்ததற்கு அதுவே காரணம். மூன்று நிறங்களும் சிறு கோடுகளாகக் கலந்து ட்வீட் (பல நிற நூல்கள் கலந்து நெய்த கம்பளித் துணி) போலத் தெரியும் அழகுக்காகவே நான் இந்தப் பின்னலைப் போடுகிறேன். வட்ட ஊசியில் குழாயாகப் பின்னுவதானால் ஒற்றைப்படையில் கண்ணி ஏற்றுங்கள். ஒரு நிட், ஒரு மாற்றல் என்று நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தால் கோடுகள் தாமாகவே இடம் மாறி விழும்.

இதுவரை பின்னியதைப் பிரிப்பதா என்பதும் அவர் கேள்வியில் இருக்கிறது. சால்வைக்கென்றால் பிரித்துவிடுங்கள், இனிமேல் பெரிய ஊசிக்கு மாறினாலும் ஏற்கனவே பின்னிய பகுதியின் விறைப்பு போகாது. பைக்கோ கோட்டின் சட்டைப்பைக்கோ என்றால் அந்த விறைப்பே நல்லது, அப்படியே வைத்துக்கொள்ளலாம். பிரிக்கும்போது ஊசியை உருவிவிட்டு மொத்தமாக இழுக்காமல், பாதியில் நிறுத்த நினைக்கும் வரிசையின் கண்ணிகளில் முதலில் மெல்லிய நூல் ஒன்றைக் கோத்துக்கொள்ளுங்கள். நீண்டும் குட்டையுமாக இருக்கும் இந்தக் கண்ணிகளை நழுவவிட்டபின் பொறுக்கி எடுப்பது மிகவும் சிரமம்.