நான்கு யூரோவுக்கு ஒரு ‘உம்’

வணக்கம். ரோமில் மூன்றாம் நாள். போன காணொளியில் கழுத்து வலி என்று புலம்பினேனே, தரையைப் பார்த்தே நடப்பதால் வந்த வினை அது. இங்கே சாக்கடை மூடியில்கூட ‘எஸ்.பி.கியூ.ஆர்.’ என்று பொறித்திருக்கிறார்கள். செனட்டும் ரோமானிய மக்களும் என்று பொருள்.

இன்று காலை ஒரு வழிகாட்டி, சுற்றி நின்ற இருபது பேரிடம், “கியூ என்பது ‘மற்றும்’ என்ற தனிச்சொல்” என்றார். எனக்கு ‘மற்றும்’ என்றாலே ஆகாது. அதுவும் தனிச்சொல்லாம்! ‘செனாத்துஸ் போப்புலுஸ்க்வே ரோமானுஸ்.’ அந்த ‘க்வே’ தனியே நிற்கவே நிற்காது. முன்சொல்லின் முதுகில் ஏறிக்கொள்ளும், நம் ‘உம்’ போல. நாம் இரண்டு பக்கமும் ஒட்டுகிறோம். லத்தீனில் பெரும்பாலும் கடைசிச் சொல்லில் ஒன்று போதும். குணம்தான் ஒன்று, குடும்பம் வேறு. தமிழிலிருந்து போனது என்று கிளம்பிவிடாதீர்கள்.

அந்தக் கோபத்தில் கடைக்குப் போய், அதே நான்கு எழுத்து போட்ட ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்று வாங்கினேன். ஆறு யூரோ என்றார். வைத்துவிட்டு நடந்தேன். ஐந்து என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. நான்கு! பேரம் பேசத் தெரியாதவன் என்று வீட்டில் சொல்பவர்கள் இதை இரண்டு முறை பார்க்கவும்.

சரி, ‘க்வே’யின் பூர்வீகம். லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் மூதாதையான ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழியில் அது ‘க்வெ’. திரையில் அதற்கு முன்னால் நட்சத்திரக்குறி ஏன் என்று சொல்ல மறந்துவிட்டேன்: எழுதி வைத்த சான்று கிடையாது, வாரிசுகளை ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம். ‘யார், எது’ என்று கேட்கும் வினாச்சொல்லின் அடியிலிருந்து பிறந்தது என்பது பலரின் கருத்து. பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் ‘உஹ்’, கிரேக்கத்தில் ‘தெ’, சமஸ்கிருதத்தில் ‘ச’.

இந்தச் ‘ச’தான் என் செல்லம். ‘எ’ பின்னால் வந்ததால் ககரம் சகரமாகக் குழைந்தது. பிறகு அந்த ‘எ’யே ‘அ’ ஆகிவிட்டது. திருடன் போய்விட்டான், காலடி மட்டும் கிடக்கிறது. 1870களில் இதைக் கண்டுபிடித்தபோதுதான், உயிரெழுத்தில் சமஸ்கிருதமே பழமையானது என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது.

கிரேக்கத்தை அவசரமாகத் தாண்டிவிட்டேன், மன்னிக்கவும். ‘தெ’யும் ஒரு காலத்தில் ‘க்வெ’யாகவே இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயர், பழங்காலக் கிரேக்கத்தை எழுதிய லீனியர் பி எழுத்தைப் படித்துக் காட்டினார். மூவாயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய களிமண் பலகைகளில் ‘தெ’ இல்லை, ‘க்வெ’ இருந்தது! எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

ரோமில் மட்டும் அதன் கதை சோகம். இத்தாலியர் ‘உம்’ என்பதற்குச் சொல்வது ‘எ’. அது ‘எத்’ என்ற வேறொரு லத்தீன் சொல்லின் வாரிசு. ‘க்வே’ சாக்கடை மூடியில்தான் இருக்கிறது.

காந்தமா? அறைக்கு வந்து ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். மரக்கதவு. ஒட்டவில்லை.