அம்பாசடர் பெட்ரோல் என்ஜினும் நம் ஊர்த் தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பழைய பெட்ரோல் அம்பாசடரை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இந்த உரை. அவர்களிடம் பேசினால் முதலில் வரும் புகார், வண்டி சூடாகிறது என்பதுதான். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறினால் ஆவி கிளம்புகிறது, ஓசூர் போனால் சூளகிரி ஏற்றத்தில் ஓரம் கட்ட வேண்டியிருக்கிறது என்பார்கள். "என்ஜின் பழசாயிடுச்சு, வேற என்ன செய்யறது" என்று அவர்களே காரணமும் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழசானதால் இந்த என்ஜின் சூடாவதில்லை. நாம் அதற்குள் ஊற்றும் தண்ணீரால் சூடாகிறது.

முதலில் என்ஜினைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனம் உருவாக்கிய பி-சீரிஸ் என்ஜின் இது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் பல்லாண்டுகள் இதைத் தயாரித்தது. நான்கு சிலிண்டர், 1489 சிசி, சுமார் 50 குதிரைத்திறன். இன்றைய சின்னக் கார்கள்கூட இதைவிடக் கூடுதல் சக்தி தருகின்றன. ஆனால் போர், அதாவது சிலிண்டரின் உள் அகலம், 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 88.9 மில்லிமீட்டர் என்ற அளவைப் பாருங்கள். பிஸ்டன் ஓடும் தூரம் அதன் அகலத்தைவிட நன்றாகவே அதிகம். அதனால்தான் ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு, டாப் கியரிலேயே மெதுவாகப் போனாலும் வண்டி திணறாமல் இழுக்கிறது. சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவையை அழுத்தும் கம்ப்ரஷன் விகிதம் 7.2-க்கு 1 என்ற அளவில் குறைவு. தரம் குறைந்த பெட்ரோலையும் பொறுத்துக்கொள்ளும் என்ஜின் இது.

சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே செயினில் சுற்றுகிறது. அங்கிருந்து புஷ்ராடு என்ற கம்பி வழியாக வால்வு திறக்கிறது. அறுந்து போக டைமிங் பெல்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக் 25 தௌ, வால்வு 15 தௌ. இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜும் இரண்டு ஸ்பேனரும் இருந்தால் மரத்தடியில் நிறுத்தியே சரிசெய்துவிடலாம். பின்பக்கம் கொஞ்சம் ஆயில் கசிந்தால் பதற வேண்டாம். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இதற்கு ரப்பர் சீல் வைக்கவில்லை, ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரைதான் வைத்தார்கள். லேசான கசிவு அதன் அமைப்பிலேயே உண்டு. (1990-களில் வந்த இசுசு 1817 சிசி என்ஜின் வேறு ரகம், நான் சொல்வது பழையதைப் பற்றி.)

இவ்வளவு உறுதியான என்ஜினுக்குப் பலவீனமான இடம் ஒன்று உண்டு. ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து மூன்றே எக்ஸாஸ்ட் வழிதான். நடுவில் இருப்பது இரண்டாம், மூன்றாம் சிலிண்டருக்குப் பொது. இரண்டின் அனலும் ஒரே வழியில் வெளியேறுவதால் ஹெட்டிலேயே மிகச் சூடான இடம் அதுதான். அங்கே தண்ணீர் நன்றாக ஓடினால் ஒரு தொந்தரவும் இல்லை. ஓட்டம் குறைந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் போகும், சில சமயம் ஹெட்டே வெடிப்பு விடும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். நம் மாவட்டங்களில் பாறைக்கு அடியிலிருந்து வரும் போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். அதிலுள்ள ஃப்ளோரைடுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. என்ஜினுக்கு ஃப்ளோரைடு பெரிய விஷயமில்லை. கால்சியம், மக்னீசியம் உப்புகள்தான் கெடுதல். தண்ணீர் சூடேறும்போது அவை கரைசலிலிருந்து பிரிந்து, எங்கே சூடு அதிகமோ அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வெந்நீர்ப் பானையின் அடியில் படிகிற வெள்ளைப் பொருக்கு போலத்தான். அந்தப் பொருக்கு வழியாக வெப்பம் சுலபமாகக் கடக்காது. ஆகவே இரும்பு உள்ளே கொதிக்கும், அதன் சூடு தண்ணீருக்கு வந்து சேராது.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. ஒருமுறை ஊற்றி மூடிய தண்ணீரில் உள்ள உப்பு, அந்த அளவோடு படிந்து நின்றுவிடும். தினம் காலையில் மூடியைத் திறந்து அரை லிட்டர் ஊற்றுகிறோமே, அதுதான் ஆபத்து. தினமும் புது உப்பு உள்ளே போகிறது. தண்ணீர் ஏன் குறைகிறது என்று முதலில் பாருங்கள். வாட்டர் பம்ப் சீலா, ஓஸ் கிளிப்பா, ரேடியேட்டர் மூடியின் வாஷரா? மூடி சின்னச் சாமான்தான், அது சரியில்லாவிட்டால் ஏற்றத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியேறும்.

உள்ளே நிலைமை எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். பிளாக்கின் பக்கவாட்டில், பின்பக்கமாக, ஒரு வடிகால் குழாய் இருக்கும். பம்ப் முன்னால் இருப்பதால் வண்டலெல்லாம் பின்னால் நாலாம் சிலிண்டர் பக்கம் போய்த் தங்கும். என்ஜின் ஆறிய பிறகு அந்தக் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் பீச்சி அடித்தால் நல்லது. பல வண்டிகளில் ஒரு சொட்டுகூட வராது. கம்பியை விட்டுக் குத்தினால் முதலில் துருவும் சுண்ணாம்பும் கலந்த செங்காவிக் குழம்பு தொங்கி வரும், அப்புறம்தான் தண்ணீர். அப்படிப்பட்ட வண்டிக்கு ரேடியேட்டரை மட்டும் மாற்றினால் காசுதான் போகும். பிளாக்கையும் சேர்த்துக் கழுவ வேண்டும். அதற்காக ஆசிட் ஊற்ற யார் சொன்னாலும் கேட்காதீர்கள், ரேடியேட்டரின் ஈயப் பற்றையே அது தின்றுவிடும். கழுவி முடித்ததும் கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி கலந்து ஊற்றுங்கள். கூலன்ட் துருவையும் தடுக்கும்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். சூடாகிறது என்றதும், என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அடைத்துக் கிடக்கும் பிளாக்கை அப்படிக் கழற்றுவது சரிசெய்யாது. அது இல்லாவிட்டால் மார்கழிக் காலையில் என்ஜின் சூடேற வெகுநேரமாகி, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். அப்புறம் சிலிண்டர் போர் தேய்ந்துவிட்டது என்று வருத்தப்படுவோம்.

பெட்ரோலைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000-ல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பழைய ஹெட்டில் வால்வு உட்காரும் சீட் வார்ப்பிரும்பிலேயே கடைந்தது. ஈயம்தான் அதற்குக் காப்பாக இருந்தது. ஆகவே வால்வு இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று பொருள். ஹெட்டை இறக்கும்போது கெட்டியான சீட் வளையம் போட்டுவிடச் சொல்லுங்கள். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பர் ஓஸும் பெட்ரோல் பம்ப்பின் டயாப்ரமும் அதைத் தாங்காது. ஓஸை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ கொழகொழவென்று இருந்தாலோ, எத்தனால் தாங்கும் ஓஸ் என்று கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மொத்தமாக மாற்றிவிடுங்கள். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் ஒழுகினால் வண்டியே தீப்பிடிக்கும்.

நன்றி, வணக்கம்.