அம்மா கேட்ட வெடிச்சத்தம்

(குடியாத்தத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். 2021 நவம்பர் 29, விடியற்காலை நாலேகால் மணி. வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே சுமார் 59 கி.மீ. தள்ளி 3.6 அளவில் நிலம் அதிர்ந்தது. எங்கள் வீட்டில் அம்மா, "கல்குவாரியில வெடி வைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். அந்த நேரத்தில் எவன் வெடி வைப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் அம்மாவின் காது ஏமாறவில்லை. நம் காலடியில் இருப்பது 200 கோடி ஆண்டுக்கும் மேல் வயதான கெட்டிப் பாறை. களிமண்ணும் மணலும் வேகமான அதிர்வை விழுங்கிவிடும். கருங்கல் அப்படியே கடத்தும். விநாடிக்கு 20 தடவைக்கு மேல் நிலம் துடித்தால் அது காற்றுக்கு ஏறி நம் காதில் 'டம்' என்று விழும். சின்ன நடுக்கத்தில் ஆட்டத்தைவிடச் சத்தம் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

இன்னொன்று. பாறைக்குள் முதல் அலை விநாடிக்கு 6 கி.மீ. போல ஓடிவரும். பின்னாலேயே, விநாடிக்கு 3.5 கி.மீ. போல, உலுக்குகிற அலை வரும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுவோமே, அதே கணக்கு இங்கேயும்: இடைவெளி ஒரு விநாடி என்றால் நடுக்கம் பிறந்த இடம் சுமார் 8 கி.மீ. தூரம். நாய் முன்கூட்டியே குரைத்தது என்பார்கள். நாம் கவனிக்காத முதல் அலையை அது உணர்ந்திருக்கலாம். ஜோசியம் எல்லாம் இல்லை.

சரி, இமயமலைக்கு இவ்வளவு தூரத்தில் நமக்கு ஏன்? இந்தியத் தட்டு, அதாவது நம் நாட்டைச் சுமக்கும் பெரிய பாறைப் பலகை, வருஷத்துக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வடக்கே நகர்ந்து இமயமலைப் பக்கம் முட்டுகிறது. அந்த நெருக்கம் இங்குள்ள பழைய விரிசல்கள் வரை வருகிறது. அந்த நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். விரிசலில் இறங்கும் தண்ணீர் பாறையின் பிடியைத் தளர்த்தும். அதற்காக மழையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட முடியாது.

3.6 பெரிதா? 2004 சுமத்ரா நடுக்கம் 9.1. இந்த அளவில் ஒரு எண் கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு என்பதால், அது நம்முடையதைப்போல ஏறத்தாழ 18 கோடி மடங்கு! ஆனால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். 1993-இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியும் நம்மைப்போல் தக்காணத்துக் கெட்டி நிலம்தான். வந்தது 6.2. இறந்தவர்கள் பத்தாயிரத்தை ஒட்டி. கொன்றது பெரும்பாலும் மண்சாந்தில் அடுக்கிய தடித்த கல்சுவர்கள்.

அதுபோன்ற சுவர் நம் பக்கத்துப் பழைய வீடுகளிலும் உண்டு. விரிசல் இருந்தால் அது முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி வையுங்கள். அடுத்த மாதம் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.