தோட்டத்துக் காணொளிகளும் திறந்த வடிவங்களும்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர்ப் பால்மரங்கள் செம்பனையாக மாறி, தோட்டத் தொழிலாளர் லயங்களில் வாழ்ந்தவர்கள் நகரத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த பிறகு, தோட்டத்துக் கோயில் திருவிழாவும் பள்ளி விளையாட்டுப் போட்டியும் பல குடும்பங்களுக்கு வீடியோ நாடாக்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றைக் கணினியில் ஏற்றும் இளைஞர்கள், எந்த வடிவத்தில் வைத்தால் எல்லா இணைய உலாவிகளிலும் ஓடும் என்று என்னைக் கேட்கிறார்கள். இன்று ஓட வேண்டும் என்பதும், பேரப்பிள்ளைகள் காலத்திலும் திறக்க வேண்டும் என்பதும் வேறு வேறு தேவைகள் என்பதே என் பதில்.

எம்பி4, வெப்எம் என்பவை கோப்பின் உறைகள். உள்ளே படத்தைச் சுருக்கி வைக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003-இல் வந்த எச்.264 கோடெக் காப்புரிமைக் கட்டணத்துக்கு உட்பட்டது. அதனால் 2009-இல் ஃபயர்பாக்ஸ் 3.5 உலாவி கட்டணமற்ற தியோரா கோடெக்கைத் தேர்ந்தது. ஆப்பிளின் சஃபாரி உலாவியோ எச்.264 பக்கம் நின்றது. உலாவி நிறுவனங்கள் உடன்படாததால், இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்5-இன் தரநிலை எந்தக் கோடெக்கையும் கட்டாயமாக்கவில்லை. 2010-இல் கூகுள் ஆன்2 நிறுவனத்தை வாங்கி, அதன் விபி8 கோடெக்கை வெப்எம் உறையோடு இலவசமாகத் திறந்துவிட்டது. அப்போதும் கைப்பேசிகளின் சில்லுகள் எச்.264-க்கே பழகியிருந்தமையால், ஃபயர்பாக்ஸும் பின்னர் அதற்கு இடம் கொடுக்க நேர்ந்தது.

போட்டி நிறுவனங்கள் 2015-இல் ஒரே கூட்டணியாக அமர்ந்து, 2018-இல் ஏவி1 என்ற கட்டணமற்ற கோடெக்கை வெளியிட்டதை நான் பெரும் சாதனையாகவே மதிக்கிறேன். ஆயினும் 2023-இல் வந்த சஃபாரி 17, ஏவி1 சுருக்கத்தைப் பிரித்துப் படமாக்கும் சில்லு உள்ள கருவிகளில் மட்டுமே அதை ஓட்டுகிறது. பாட்டியின் கையிலுள்ள பழைய ஐஃபோனில் அது ஓடாது.

இதைவிட முக்கியமான பாடம் தியோராவுடையது. பயன்பாடு அருகிப் பாதுகாப்பு அபாயமும் கூடியதால், 2024-இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் அதை நீக்கின. திறந்த வடிவத்தை நம்பியவர்கள் ஏமாந்தார்களா என்றால், இல்லை. கோப்பு எப்படி அமைந்துள்ளது என்று கூறும் அதன் விவரிப்பும் மூலநிரலும் யாருடைய அனுமதியும் தேவைப்படாமல் பொதுவில் இருப்பதால், விஎல்சி என்ற காணொளி இயக்கியில் அக்கோப்பை இன்றும் பார்க்கலாம். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளைக் கொண்டு வேறு வடிவத்துக்கும் மாற்றலாம். உலாவியின் ஆதரவு காலத்துக்குக் காலம் மாறும். விவரிப்பு யாருக்கும் திறந்திருந்தால், கோப்பைப் படிக்கும் வழி அந்த ஆதரவோடு சேர்ந்து மறைவதில்லை.

ஆகவே நாடாவிலிருந்து எடுக்கும் மூலப்படியை, இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2021-இல் விவரிப்பாக வெளியிட்ட எஃப்எஃப்வி1 கோடெக்கில், மட்ரோஸ்கா உறையில் வையுங்கள். அது படத்தின் ஒரு புள்ளியையும் இழக்காமல் சேமிப்பதால் கோப்பு மிகப் பெரிதாகும். அதற்காக இரண்டு வன்தட்டுகள் வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். இணையத்துக்கு அந்த மூலத்திலிருந்தே ஏவி1 படி ஒன்றையும் எச்.264 படி ஒன்றையும் உருவாக்கி, இணையப் பக்கத்தில் ஏவி1-ஐ முதலில் குறிப்பிடுங்கள். தன்னால் ஓட்ட முடிந்த முதல் படியை உலாவியே தேர்ந்துகொள்ளும். நாளை புதிய கோடெக் வந்தால், இணையப் படிகளை மீண்டும் சுருக்காமல், மூலப்படியிலிருந்தே புதிதாக எடுங்கள். சுருக்கியதைச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் திருவிழாக் கூட்டத்தின் முகங்கள் மேலும் மங்கும்.