நடைபாதையை எங்கே அளப்பது?

அவைத்தலைவர் அவர்களுக்கும் பெங்களூரு அல்சூர்ப் பகுதித் தமிழன்பர்களுக்கும் வணக்கம்.

ஒரு தெரு நடப்பதற்கு எவ்வளவு ஏற்றது என்பதை எண்ணால் சொல்ல ஆய்வாளர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளைக் கையாளுகிறார்கள். குடியிருப்பு நெருக்கம், தெருச்சந்திப்புகளின் எண்ணிக்கை, வீடும் கடையும் அலுவலகமும் கலந்திருக்கும் அளவு ஆகியவற்றை வரைபடத்திலிருந்து கணக்கிட்டுக் குறியீடு அமைப்பது ஒன்று. ஆளே இறங்கி நடந்து தெருவைத் தணிக்கை செய்வது மற்றொன்று. முதல் வழியில் அல்சூருக்குத் தாராளமாகவே மதிப்பெண் கிடைக்கும். சோமேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பாலுக்கும் பூவுக்கும் யாரும் வண்டியை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கால் வைக்க இடமிருக்கிறதா என்பதை அந்தக் குறியீடு கேட்பதே இல்லை.

நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று, சாலைகளுக்கான தரநெறிகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் பேராயத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. அந்த அகலத்தை எங்கே அளப்பது என்பதுதான் என் கேள்வி. இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட தெருத்துண்டில் பல இடங்களில் அளந்து சராசரி எடுத்தால், மின்மாற்றி நிற்கும் இடத்தில் எஞ்சியுள்ள இரண்டு சாண் வழியும், சாக்கடை மூடுகல் பெயர்ந்த பள்ளமும் கணக்கில் கரைந்துவிடும். சக்கர நாற்காலியில் வருபவருக்கோ பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு துண்டிலும் மிகக் குறுகிய இடத்தின் அகலத்தைத் தனியே பதிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நடைபாதையில் கடை விரித்திருக்கும் பூக்கடைக்காரம்மாவைத் தணிக்கைப் படிவத்தில் வெறும் ‘தடை’ என்று குறிப்பதையும் நான் ஏற்கவில்லை. அவர் அடைக்கும் இடத்தைத் தணிக்கையாளர்கள் அளக்கட்டும். அவர் விளக்கேற்றி உட்கார்ந்திருப்பதால் மாலையில் பெண்கள் அச்சமின்றி நடக்க முடிகிறதா என்பதையும் கேட்டு எழுதட்டும்.

‘பாதுகாப்பு’, ‘தூய்மை’ போன்றவற்றுக்கு ஆளுக்கொரு மதிப்பெண் விழும். அதனால் ஒரே துண்டை இருவர் கலந்து பேசாமல் தனித்தனியே மதிப்பிட வேண்டும். அவர்களின் மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை, உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த காப்பா (kappa) என்ற புள்ளியியல் அளவையால் சோதிக்கலாம். தற்செயலாக ஒத்துப்போவதை அது கழித்துவிடும். ஒப்புமை குறைந்த கேள்விகளைத் திருத்திய பிறகே களத்துக்குப் போக வேண்டும்.