தொட்டி இச்சியில் விழுது இறக்குவது

நேயர்களுக்கு வணக்கம். போன்சாய், அதாவது மரத்தைத் தொட்டியிலேயே குள்ளமாக வளர்க்கும் கலை பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் தொட்டால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது, அதனால் நான் வருஷக்கணக்கில் கை வைத்துப் பழகிய ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆல், அதன் இனத்தைச் சேர்ந்த இச்சி மாதிரியான மரங்களைக் குச்சி நட்டுப் பெருக்குவது, அப்புறம் தொட்டியில் இருக்கும்போதே அவற்றில் விழுது இறங்க வைப்பது. இவை இரண்டு தனித்தனி வித்தைகள் இல்லை. வெட்டிய குச்சியின் அடியில் வேர் வருவதும் கிளையின் வயிற்றுப் பக்கத்திலிருந்து விழுது வருவதும் மரத்துக்குள் நடக்கும் ஒரே வேலைதான், இடம்தான் வேறு.

இதைப் பற்றி என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "எத்தனையோ வருஷமாக வளர்க்கிறேன், மரம் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு விழுதுகூட வரவில்லையே, ஏன்?" நான் திருப்பி ஒன்று கேட்பேன், கடைசியாக எப்போது நுனி கிள்ளினீர்கள்? போன வாரம் என்று பதில் வரும். அங்கேயேதான் விடை இருக்கிறது.

மரத்தில் வேரை முளைக்கத் தூண்டும் ஆக்சின் என்கிற வளர்ச்சி ஊக்கி துளிர் நுனியிலும் இளம் இலையிலும்தான் உண்டாகிறது. அங்கிருந்து தண்டு வழியாகக் கீழ்நோக்கி இறங்கி வருகிறது. வேர் கட்டுவதற்கு வேண்டிய சர்க்கரையும் இலை சமைத்து அனுப்புவதுதான். வாரா வாரம் கத்தரிக்கோலை எடுத்து நுனியை நறுக்கி, குடை மாதிரி அழகாக வைத்திருந்தால், விழுதுக்குப் போக வேண்டிய சாப்பாட்டை நாமே வெட்டி எறிகிறோம் என்று அர்த்தம். விழுது வேண்டுமா, ஒரு பருவம் முழுக்க மரத்தைக் காடாக வளர விடுங்கள். பார்க்க அலங்கோலமாக இருக்கும், இருக்கட்டும். வடிவத்தை அடுத்த வருஷம் திருத்திக்கொள்ளலாம்.

சரி, எந்த மரம்? தொட்டிக்கு என்று பார்த்தால் கல்லிச்சிக்கு ஈடு இல்லை. நர்சரியில் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா என்று கேளுங்கள். இலை சிறியது, வெட்டினாலும் உடனே துளிர்க்கும், விழுதும் தாராளமாக விடும். ஃபைகஸ் பெஞ்சமினாவும் விழுது விடும், ஆனால் இடம் மாற்றினால் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும், புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதைப் பார்த்துப் பயந்துபோவார்கள். ஆலமரத்தை எடுத்துக்கொண்டால் விழுதுக்கே பேர் போன மரம், அதில் சந்தேகமில்லை, ஆனால் உள்ளங்கையை விடப் பெரிய இலை, சின்னத் தொட்டியில் அளவு ஒட்டாது, பெரிய தொட்டி வைக்க மொட்டை மாடி இருப்பவர்கள் வளர்க்கலாம். அரசு அழகான மரம். அதில் விழுதை எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது எல்லா நர்சரியிலும் ஜின்செங் ஃபைகஸ் என்று குண்டு குண்டான காலோடு ஒரு செடி விற்கிறார்கள். அதுவும் மைக்ரோகார்ப்பாதான். விதையிலிருந்து வளர்த்து, மண்ணுக்குள் பருத்த வேரை வெளியே தூக்கி வைத்து, தலையில் வேறொரு ரகத்தை ஒட்டுக் கட்டியிருப்பார்கள். அதிலிருந்து குச்சி வெட்டி நட்டால் செடி வரும், அந்தக் குண்டு கால் வராது. அது விதைச் செடிக்கு மட்டும் வருவது. இது தெரியாமல் காத்திருந்து ஏமாந்தவர்கள் நிறைய.

காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் வீட்டு சன்ஷேடைப் பாருங்கள், கழிவுநீர்க் குழாய் இறங்கும் மூலையைப் பாருங்கள், பழைய காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள். காக்காயும் குயிலும் பழத்தைத் தின்றுவிட்டு எச்சமிட்ட இடத்தில் இச்சியோ ஆலோ அரசோ ஒன்று முளைத்திருக்கும். விரிசலில் கிடைத்த கொஞ்சம் தூசியையும் மழைத் தண்ணீரையும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்ததால் தண்டு தடித்து, வேர் சப்பையாகி, உயரம் மட்டும் ஒரு முழத்தைத் தாண்டாமல் நிற்கும். போன்சாய்க்காரர் பத்து வருஷம் பாடுபட்டுக் கொண்டுவருகிற உருவத்தை அந்தச் சுவர் சும்மா கொடுத்திருக்கிறது. வீட்டுக்காரருக்கும் அது போனால் போதும், ஏனென்றால் விட்டால் சுவரைப் பிளந்துவிடும். மழை பெய்து சுவர் ஊறிய மறுநாள் உளியால் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து, ஒரு சாண் வேராவது கூட வருகிற மாதிரி எடுங்கள். கோயில், பழைய கட்டடம் என்றால் கேட்காமல் கை வைக்காதீர்கள். எடுத்ததும் பால் வடியும், அது நிற்கும் வரை வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். அந்தப் பால் சிலருக்குத் தோலில் அரிக்கும், கண்ணில் படவே கூடாது, கையை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

இனி குச்சி நடுவது. எல்லாரும் பென்சில் கனத்தில் ஆரம்பிக்கிறார்கள், தப்பில்லை, சீக்கிரம் வேர் விடும், ஆனால் அது தடிக்கப் பல வருஷம் ஆகும். கல்லிச்சியில் மணிக்கட்டு கனக் கட்டைகூட வேர் பிடிக்கும் என்பதைப் பலர் நம்புவதில்லை. நம் ஊரில் பூவரசையும் ஆலையும் போத்து வெட்டி நட்டுத்தானே சாலையோரம் மரமாக்கினார்கள், அதே முறைதான். அடி வெட்டு சுத்தமாக, கூர்மையான ரம்பத்தால் அறுத்து, ஓரத்தைக் கத்தியால் வழித்துவிட வேண்டும், வேர் அந்த விளிம்பில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலிருந்துதான் சுற்றிலும் கிளம்பும். மேல் வெட்டு காய்ந்து கீழே இறங்காமல் இருக்கப் பெரியவர்கள் சாணியை உருட்டி வைத்துக் கட்டுவார்கள், நானும் அதைத்தான் செய்கிறேன்.

ஒரே கிளையின் குச்சிகளை மணலில் கொஞ்சம், தென்னை நார்க்கழிவில் கொஞ்சம், டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டுப் பல முறை பார்த்திருக்கிறேன். தண்ணீரில் வேர் சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும், ஆசையாக இருக்கும், ஆனால் அந்த வேர் கண்ணாடி மாதிரி உடையும், மண்ணுக்கு மாற்றும்போது பாதி போய்விடும். மணலும் நார்க்கழிவும் சரிபாதி கலந்ததுதான் எனக்குக் கைகொடுத்தது. ஆற்று மணல் கிடைக்காதவர்கள் எம் சாண்டைச் சலித்துத் தூள் போகக் கழுவிப் போடலாம். நார்க்கழிவில் உப்பு இருக்கும், அதையும் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். வேர் ஊக்கித் தூள் கல்லிச்சிக்குப் பெரிய வித்தியாசம் காட்டவில்லை, அரசுக்கு நன்றாகவே உதவியது. குச்சியின் தலையில் இரண்டு மூன்று இலையை விட்டு, பெரிய இலையாக இருந்தால் பாதியாக நறுக்கி, நிழலில் வைத்து பாலிதீன் பையால் மூடிவிடுங்கள்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். சில நாளில் பச்சைப் பசேல் என்று துளிர் வரும், உடனே வேர் பிடித்துவிட்டது என்று நினைத்து மூடியை எடுத்துவிடுவார்கள். குச்சிக்குள் சேர்ந்திருக்கும் சர்க்கரையே அந்த முதல் துளிரைத் தள்ளிவிடும், கீழே ஒரு வேரும் இருக்காது. மெல்லிய குச்சிக்கு ஒரு மாதமாவது, கட்டைக்கு இரண்டு மாதமாவது பொறுங்கள். இழுத்துப் பார்க்காதீர்கள். இரண்டாம் சுற்றுத் துளிர் வரட்டும், அதுதான் உண்மையான அடையாளம்.

இப்போது விழுதுக்கு வருவோம். கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் ஹவுராவில் தாவரவியல் பூங்கா இருக்கிறது, அங்கே இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போக, 1925-ல் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். சென்னையில் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் நடுமரம் 1989-ல் காற்றில் சாய்ந்தது. இரண்டு மரமும் இன்றைக்கும் விழுதின்மேல் நின்று பரவிக்கொண்டுதான் இருக்கின்றன. அதனால் விழுதை அலங்காரம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்பாது. மரம் தன் எதிர்காலத்துக்குப் போட்டுவைக்கும் கால் அது, தொட்டியிலும் அதை அந்த மரியாதையோடு வளர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இலை நிறைய இருப்பது முதல் தேவை என்று சொன்னேன். இரண்டாவது காற்றில் ஈரம். விழுதின் நுனி மிக மென்மையானது, காய்ந்த காற்றுப் பட்டால் ஒரே நாளில் கருகி நின்றுவிடும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையே போதும், கூடாரம் எதுவும் வேண்டாம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், மதுரை, திருச்சியில் வருஷத்தில் பல மாதம் வறட்சி. அங்கெல்லாம் மூங்கில் பிளாச்சை வளைத்துக் கண்ணாடி போன்ற பாலிதீனைப் போர்த்தி ஒரு கூடாரம் போடலாம், அல்லது பழைய மீன் தொட்டிக்குள் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு அதன்மேல் மரத்தை வைக்கலாம். வெளிச்சம் நிறைய வேண்டும், நேர் வெயில் கூடாது, மூடிய பாலிதீனுக்குள் வெயில் பட்டால் மரம் வெந்துவிடும். தினம் காலையில் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள்.

எந்த இடத்தில் விழுது வேண்டுமோ அந்தக் கிளையின் அடிப்பக்கத்தில் பட்டையில் மட்டும் பிளேடால் நீளவாக்கில் ஒரு கீறல், நகத்தின் நீளம் போதும், அதில் வேர் ஊக்கித் தூளைத் தொட்டு வைத்து ஈர நார்க்கழிவை வைத்துக் கட்டுங்கள். விண்பதியம், அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் விட வைப்பது, தெரிந்தவர்களுக்கு இது புரியும், அதில் பட்டையைச் சுற்றிலும் எடுக்கிறோம், இதில் ஒரு பக்கம் மட்டும் தொடுகிறோம்.

விழுது எட்டிப்பார்த்ததும் ஸ்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஜூஸ் கடையில் கொடுத்துவந்த தடித்த, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஸ்ட்ரா. ஒரு பக்கம் நீளமாகக் கீறி, ஈர நார்க்கழிவை லேசாக நிரப்பி, மேல் முனை விழுதைக் கவ்வுகிற மாதிரியும் கீழ் முனை மண்ணுக்குள் விரல் நுனி அளவு இறங்குகிற மாதிரியும் நிறுத்திக் கட்டிவிடுங்கள். மேலிருந்து இங்க் ஃபில்லரால் தினம் சில சொட்டுத் தண்ணீர், மழைத் தண்ணீராக இருந்தால் நல்லது, போர் தண்ணீரின் உப்பு நுனியில் படிந்து கெடுக்கும். காலை வெளிச்சத்தில் ஸ்ட்ராவின் பக்கவாட்டில் பாருங்கள். நூல் கனத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு வேர், நுனியில் பளபளப்பாக ஒரு சிறிய தொப்பி, அதற்குச் சற்று மேலே பனி படர்ந்த மாதிரி வெள்ளை மயிர்வேர். முந்தின நாள் பார்த்த இடத்திலிருந்து நகர்ந்திருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

மண்ணைத் தொட்டதும் விழுது நடந்துகொள்ளும் விதமே மாறிவிடுகிறது. அதுவரை ஒல்லியாகத் தொங்கியது தடிக்க ஆரம்பிக்கும், தொளதொளவென்று வளைந்திருந்தது விறைத்து நேராகும். சிம்மர்மன், வார்ட்ராப், டாம்லின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஃபைகஸ் பெஞ்சமினாவின் விழுதுகளில் இதை ஆராய்ந்து 1968-ல் எழுதினார்கள். மண்ணில் ஊன்றியபின் விழுதுக்குள் இழுவிசை கொண்ட ஒரு வகைக் கட்டை உருவாகி அதைச் சுருக்கி இறுக்குகிறது என்று காட்டினார்கள். தொட்டியில் இதனால் ஒரு சிக்கல் வரும். மெல்லிய கிளையில் நாலைந்து விழுது ஊன்றினால் கிளையைக் கீழே இழுத்துவிடும், அதனால் தாங்குகிற கனம் உள்ள கிளையாகப் பார்த்து இறக்குங்கள். பக்கத்துப் பக்கத்தில் இறங்கும் இரண்டு மூன்று நூல் விழுதுகளைச் சேர்த்துப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டிவிட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தூணாகிவிடும். பெரிய ஆலமரத்துத் தூண்களிலும் பல விழுதுகள் பின்னி ஒன்றானவை உண்டு.

இவ்வளவு செய்தும் வராத இடத்தில் ஒட்டுக் கட்டலாம். மெல்லிய இச்சிக் கன்று ஒன்றைக் கிளைக்கு நேர் கீழே நட்டு, கன்றின் தண்டிலும் கிளையின் அடியிலும் பட்டையைச் சீவி, இரண்டையும் அணைத்து இறுக்கிக் கட்டுங்கள். ஒட்டிக்கொண்டபின் கன்றின் தலையை வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது விழுதுதான், பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. இதை ஏமாற்று என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே உயிராக ஓடும்போது அதில் என்ன ஏமாற்று இருக்கிறது?

மழை நின்று தை பிறந்ததும் ஸ்ட்ராவை உடனே உருவ வேண்டாம். விழுதின் தோல் வெளிர் நிறம் மாறிப் பழுப்பாகட்டும், அப்புறம் கீறிய பக்கமாக விரித்து எடுங்கள். இலைகள் நடுவில் மடங்கிக் கருஞ்சிவப்புப் புள்ளி விழுந்திருந்தால் உள்ளே இலைப்பேன் இருக்கிறது, அந்த இலைகளைக் கிள்ளி பையில் கட்டிப் போட்டுவிட்டு வேப்பெண்ணெய் கரைசல் தெளியுங்கள். கத்தரிக்கோலை மாசி, பங்குனியில் கையில் எடுக்கலாம். ஒரு வருஷமாகக் காடாக வளர்ந்த மரத்தில் வெட்டுகிற கிளை கூடை நிறைய வரும், அதில் நல்லதாகப் பொறுக்கி மறுபடியும் மணலில் ஊன்றுங்கள். கை கனத்துக் கட்டை மிஞ்சினால் பஞ்சாயத்தில் கேட்டு ஏரிக்கரையில் நடலாம். வீட்டுக்குப் பக்கத்திலும் செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும் மட்டும் வேண்டாம். இந்தப் புரட்டாசியிலேயே கிளையில் கீறல் போட்டுக் கட்டி வைத்தீர்கள் என்றால் ஐப்பசி மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நன்றி, வணக்கம்.