குளத்தில் உறக்கம், வயலில் சாப்பாடு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, வணக்கம்.

"வளரும் ஊருக்கு முதல் தேவை வீட்டுமனையா, வயலும் குளமுமா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால பேசின எதிரணி அக்கா ஒரு கணக்குச் சொன்னாங்க. "2022-லேயே நம்ம குமரி மாவட்டத்துச் சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு, உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கிற ராம்சர் தகுதி வந்தாச்சு, வேம்பனூருக்கும் வந்தாச்சு. பறவைக்கு இடம் ஒதுக்கியாச்சுல்லா, மிச்ச வயலை மனுசனுக்கு விடுங்க"ன்னாங்க. நல்ல கைத்தட்டல். நானும் தட்டினேன்.

அக்கா, அந்த ரெண்டையும் கூட்டினா சுமார் 114 ஹெக்டேர். ஏக்கர்ல 280 சொச்சம். சரி, அது பறவைக்குன்னே வச்சுக்கிடுவோம். ஆனா குளத்துல பறவை உறங்கும், சாப்பாடு எங்க? உண்ணிக்கொக்கு டிராக்டர் பின்னாலேயே நடந்து பூச்சி பொறுக்குது. நத்தைக்குத்தி நாரை வரப்போரச் சேத்துல நத்தையைத் தேடுது. வடக்கே எங்கிருந்தோ பறந்து வர்ற ஊசிவால் வாத்தும் கிளுவையும் பகலெல்லாம் குளத்துல மிதந்துட்டு ராத்திரி வயலுக்கு இரை தேடப் போகும். குளம் படுக்கையறைன்னா, வயல்தான் அடுக்களை. அடுக்களையை இடிச்சுட்டு, "படுக்கையறை பத்திரமா இருக்கு, பூட்டியிருக்கோம்"னு சொல்லுதீங்க. உங்க வீட்டுல இப்படிச் சொல்லிப் பாருங்க, அண்ணன் என்ன பாடுபடுவாரு!

மனுசன் எங்க போவான்னும் கேட்டீங்க. நியாயமான கேள்வி. மறைக்காமச் சொல்லுதேன்: நான் குடியிருக்கிற 5 சென்டும் ஒரு காலத்துல கும்பப்பூ நெல் விளைஞ்ச வயல்தான். தரகர் காட்டும்போது செம்மண் அடிச்சு மேடாக்கி, கலர்க்கொடி நட்டு, கல்யாண வீடு மாதிரி இருந்துது. 2021 நவம்பர் மழையில கட்டில் கால் முங்குச்சு. "மத்த தெருவெல்லாம் காய்ஞ்சு கிடக்கு, இங்க மட்டும் ஏன் இவ்வளவு தண்ணி?"ன்னு பக்கத்துத் தாத்தாகிட்ட கேட்டேன். "குளம் நிறைஞ்சா மிச்சத் தண்ணி மறுகாலா போற இடம்லா இது, மக்களே"ன்னாரு. அவ்வளவுதான். வாங்கும்போது ஒருத்தரும் சொல்லல, நானும் கேக்கல.

நாஞ்சில் நாட்டுக் குளங்கள் தனித்தனியா கிடக்கிறது இல்ல. மேல குளம் நிறைஞ்சா மறுகால் பாயும். வயல் குடிச்சது போக மிச்சம் அடுத்த குளத்துக்கு வடியும். கடைசியில பழையாறு வழியா மணக்குடிக் கடலுக்கு. நடுவுல நாலு வயல்பத்தை மண்ணடிச்சு மூடினா, கீழ குளத்துக்கு நல்ல தண்ணி வராது, சாக்கடை மட்டும் தவறாம வரும். அந்தக் குளத்துக்கு ராம்சர் பலகை இருந்தென்ன, இல்லாட்டி என்ன?

வீடு கட்டாதீங்கன்னு எங்க அணி சொல்லவே இல்ல. மேட்டுல கட்டுங்க, நெல் விளையாத விளையில, தோப்புல கட்டுங்க, இருக்கிற வீட்டு மேல ஒரு மாடி எடுங்க. நஞ்சையைத் தொடாதீங்க, அவ்வளவுதான்.

நடுவர் மணியில கை வச்சுட்டாரு. ஐயா, ஒரு வேண்டுகோள். நாளைக்குக் காலையில சுசீந்திரம் குளத்தோரம் கொஞ்சம் நில்லுங்க. கொக்குக் கூட்டம் எந்தப் பக்கம் இரைக்குப் பறக்குதோ அந்தப் பக்கமே போங்க. தூரத்துல வெள்ளை வெள்ளையா நிக்கும். கிட்டப் போயி, அதுல எத்தனை கொக்கு, எத்தனை மனைக்கல்லுன்னு எண்ணிட்டு வந்து தீர்ப்பைச் சொல்லுங்க.